துண்டுக்குள்ள பேசற வெலை

வா தாயி, உக்காரு. காலையிலேர்ந்து பாத்துக்கினுதான் கீறேன். உங்கப்பன் எட்டு நாள் தறிக்குழியில உக்காந்து நெஞ்ச பொடவைய வேப்பமரத்துல தொங்க உட்டு, பக்கத்துல ஒரு பூனையையும் உக்கார வெச்சு, போனுல விக்கறதுக்கு இந்தாண்ட ஒரு போட்டோ, அந்தாண்ட ஒரு போட்டோன்னு புடிச்சிக்கினு கீற. பூனை நல்லா விழுந்துருக்குது. பொடவை எங்கன்னுதான் தேடணும்.

"எல்லாம் முடிஞ்சிடுச்சி தாத்தா, வெலை மட்டுந்தான் போடணும்"ன்ற. பந்தல் போட்டாச்சி, பத்திரிகை அடிச்சாச்சி, மாப்பிள யாருன்னுதான் தெரியலைன்ற மாதிரி கீது.

நான் படிச்சது அஞ்சாவது. நீ பி.காம். அதனால மொதல்ல உன் ரோசனைய சொல்லு. ஓஹோ, எதிர்த்தெருப் பையன் இதே மாதிரி பொடவைக்கு 9,500 போட்டுருக்கான், நீ 9,400 போடப் போற. நாளைக்கு அவன் 9,300 போடுவான். நீ 9,200 போடுவ. இப்படியே எறங்கிக்கினு போனா, வர ஆடிக்குள்ள ரெண்டு பேரும் பொடவையோட கூட பணமும் வெச்சு அனுப்பலாம். கெணத்துல யாரு மொதல்ல வுழறதுன்னு ரெண்டு பேரு போட்டி போட்ட கதைதான். பேஷ், கெலிச்சிட்டு வா.

சரி, மொகத்த தூக்காத. நோட்ட எடு, எழுது. பேச்சுக்கு ஒரு கணக்கு போடலாம். பட்டு நூலு, ஜரிகை, சாயம் எல்லாம் சேத்து 6,000. பாவு ஓட்டி, பிணைச்சு, தறிக்கு ஏத்தற கூலியில இந்தப் பொடவைக்கு விழற பங்கு 500. பெட்டி, கூரியரு 350. ஆச்சா? 6,850. உன் 9,400ல இத கழிச்சா 2,550 நிக்குது. "பாத்தியா தாத்தா, லாபம்!"ன்னு சிரிக்கற. சிரி, சிரி. அப்பால இருக்குது.

உங்கப்பன் தறியில உக்காந்தது எட்டு நாள். உங்க ஆயாவும் உங்கம்மாவும் சமையலுக்கும் பாத்திரத்துக்கும் நடுவுல நூலு எளச்சது, தாரு சுத்தினது, அறுந்த இழைய எடுத்துக் குடுத்தது, சேத்துப் பாத்தா மூணு நாள் வரும். பதினோரு நாள். அந்த 2,550ஐ பதினொண்ணால வகு. 232 ரூபா கூட வரல. 2025-26ல நூறு நாள் வேலைக்கு நம்ம தமிழ்நாட்டுக்கு கவர்மெண்டு வெச்ச கூலி ஒரு நாளைக்கு 336. ஏரிக்கரையில மம்முட்டிய ஊணிக்கினு நிழல்ல நின்னா வர கூலி, பட்டுல அன்னப்பட்சி போடறவனுக்கு வரல. இதுல வேற உனக்கு லாபம்.

இதுல உன்ன மட்டும் சொல்லி இன்னா பண்றது. எங்க காலத்துலேர்ந்தே இந்த வியாதிதான். நூலுக்கு கணக்கு வெப்போம், ஜரிகைய கிராம் கணக்குல நிறுத்து வாங்குவோம், கைய மட்டும் கணக்குல சேக்க மாட்டோம். கை நம்முதுதானே, அதுக்கு யாரு காசு கேக்கறான்னு. அதுலயும் பொம்பளைங்க கைன்னா சுத்தமா மறந்துடுவோம். 2019-20ல எடுத்த நாலாவது கைத்தறிக் கணக்கெடுப்புல நாடு பூரா 35 லட்சத்துக்கு மேல கைத்தறிக்காரங்க, அதுல நூத்துக்கு 72 பேரு பொம்பளைங்கன்னு எண்ணி எழுதிட்டாங்க. கவர்மெண்டு எண்ணிடுச்சி, ஊட்டுக்காரன் இன்னும் எண்ணல. அதே கணக்கெடுப்புலதான் நெசவு குடும்பத்துல மூணுல ரெண்டு பங்கு மாசம் 5,000 ரூபாய்க்கும் கீழன்னு வந்துது. கைய எண்ணாதவன் கையில எப்படிம்மா காசு நிக்கும்?

இப்ப ஒழுங்கா எழுது. உங்கப்பனுக்கு ஒரு நாளைக்கு 700ன்னா எட்டு நாளைக்கு 5,600. ஆயாவுக்கும் அம்மாவுக்கும் மூணு நாள், 400 மேனிக்கு 1,200. 6,850ஓட சேத்தா 13,650. இது அடக்க வெலை. இது மேலதான் லாபம். கூலி வேற, லாபம் வேற. கூலி இன்னிக்கு ஒலை கொதிக்கறதுக்கு. லாபம் நாளைக்கு பட்டு வெலை ஏறுனா, தறியில விழுது அறுந்தா, மழையில பாவு நமுத்தா தாங்கறதுக்கு. நூத்துக்கு பதினஞ்சு வெச்சா 15,700 கிட்ட வருது.

இன்னாது, மயக்கம் வருதா? தண்ணி குடி. இன்னும் முடியல.

நீ சீமையில இருக்கறவங்களுக்கு விக்கணும்னு ஏதோ பேரு சொன்னியே, எட்ஸி. அந்தக் கடையில ஒரு சாமான அடுக்குறதுக்கே 20 சென்ட் வாங்கறான், நாலு மாசத்துக்கு ஒரு தடவ. வித்தா வித்த வெலையில நூத்துக்கு ஆறரை அவனுக்கு. 2022 ஏப்ரல்ல அஞ்ச ஆறரை ஆக்குனப்போ, ஆயிரக்கணக்குல கைவேலைக்காரங்க ஒரு வாரம் கடைய சாத்திட்டு ஸ்ட்ரைக் பண்ணாங்க. ஆறரை அப்படியேதான் கீது. நம்ம ஊரு தரகன் எவ்வளவோ தேவலை, கூட உக்காந்து டீயாவது குடிப்பான்.

நீ பி.காம் மூளையில 15,700க்கு மேல ஆறரை கூட்டி 16,720ன்னு போடுவ. அவன் 15,700க்கு ஆறரை எடுக்க மாட்டான், 16,720க்கு எடுப்பான். அறுபத்தஞ்சு ரூபாய்க்கு மேல உன் மடியில கை வெச்சிருப்பான், உனக்கே தெரியாது. அவன் மேலேர்ந்து வெட்டறான், நீ கீழேர்ந்து கூட்டாத. 15,700ஐ 93.5ஆல வகுத்து நூறால பெருக்கு. 16,800 கிட்ட வரும். அஞ்சாவது படிச்சவன் சொல்றான், சரியான்னு போனுல தட்டிப் பாரு.

அப்பறம் அது இன்னா, "இலவச டெலிவரி"? யாரு ஊட்டு இலவசம் தாயி அது? கூரியர்காரன் உன் மாமனா? இனாம்னு ஒண்ணு உலகத்துல கெடையாது. ஒண்ணு வாங்கறவ குடுக்கறா, இல்லன்னா உங்கப்பன் குடுக்கறான். வெலைக்குள்ள சேத்துட்டு இலவசம்னு எழுது, தப்பில்ல. சேக்காம எழுதுனா உங்கப்பன் நெஞ்சும் குடுத்து, தலையில தூக்கிக்கினு போயும் குடுத்த மாதிரி.

சரி, வெலை வந்துடுச்சி. இத எங்க எழுதப் போற? "விலைக்கு டிஎம் பண்ணவும்". அடடா! பொய்கை மாட்டுச் சந்தைக்கு என்கூட நீ வந்ததில்ல. வேலூருக்கு அந்தாண்ட, செவ்வாக்கெழமை செவ்வாக்கெழமை கூடும். அங்க தரகன் வெலைய வாயால சொல்ல மாட்டான். துண்ட எடுத்து கைமேல போத்திக்கினு, உள்ளாற உன் வெரல புடிப்பான். ஒரு வெரல் புடிச்சா இவ்வளவு, ரெண்டு வெரல்னா அவ்வளவு. பக்கத்துல நிக்கறவனுக்கு தெரியாது, மாட்டுக்காரனுக்கே பாதி தெரியாது. ஏமாந்தவன் மாட்ட புடிச்சிக்கினு போவான், ஏமாத்துனவன் துண்ட ஒதறி தோள்ல போட்டுக்குவான். உன் டிஎம்மும் அந்தத் துண்டுதான். ஆளப் பாத்து வெலை சொல்றதுக்கு. வாங்க வரவளும் முட்டாள் இல்ல. வெலை தெரியாத கடையில ஏறுனா எறங்க வெக்கமா இருக்கும்னு அப்படியே தாண்டிப் போயிடுவா.

2020ல வந்த ஈ-காமர்ஸ் விதிகூட, விக்கறவன் மொத்த வெலையும் ஒரே தொகையா, அது எப்படி வந்துதுன்ற பிரிவோட, வெளியில காட்டணும்னுதான் சொல்லுது. சட்டத்துக்கு பயந்துகினு சொல்லல. வெலைய நெஞ்ச நிமித்தி எழுதறவளுக்கு, அந்த வெலை ஏன்னு பதில் சொல்லத் தெரிஞ்சிருக்கணும். நீ இப்ப எழுதுன கணக்குதான் அந்தப் பதில். "ஏன் இவ்வளவு?"ன்னு ஒருத்தி கேட்டா, கோவப்படாத, கெஞ்சாத, கொறைக்காத. பதினோரு நாளு, மூணு ஜோடி கைன்னு சொல்லு. அதுக்கும் மேல கேட்டா, உங்க பொடவை வேற கடையில இருக்குதுக்கான்னு வழி காட்டி அனுப்பு. எல்லாருக்கும் வித்தே ஆவணும்னு எந்த சாமியும் சொல்லல.

இப்ப பேரு. இந்தப் படத்துக்கு கீழ இன்னா எழுதி வெச்சிருக்க? கண்ணாடிய குடு... "காஞ்சிபுரம் ஸ்டைல் பட்டு". அடிப் பாவி! ஆரணியில நெஞ்ச பொடவைக்கு இதுவா பேரு?

ஒரு கதை சொல்றேன் கேளு. உங்கப்பன் ட்ரவுசரு போட்டுக்கினு திரிஞ்ச காலம். நான் மூணு பொடவைய ஒரு டவுனு கடைக்கு கடனுக்கு போட்டேன். பணம் வாங்க மூணு மாசம் கழிச்சு போனா, என் பொடவை கண்ணாடிப் பொட்டிக்குள்ள பொம்மை மேல நிக்குது. மூணு மடங்கு வெலை. பேரு காஞ்சிபுரம். நான் பெத்த கொழந்த வேற ஊட்ல, வேற பேருல, ஜிலுஜிலுன்னு நிக்குது. கடைக்காரரு என்ன பாத்துட்டு, "பெரியவரே, ஆரணின்னா யாரு வாங்குவா?"ன்னாரு. நானும் தலைய ஆட்டிட்டு, பாதி பணத்த வாங்கிக்கினு பஸ் ஏறுனேன். அன்னிக்கு தலைய ஆட்டுனது இன்னிக்கும் கழுத்து வலிக்குது.

ரோசிச்சி பாரு. ஆரணிக்கு ரெண்டு பெருமை, அரிசியும் பட்டும். மெட்ராசு வரைக்கும் அரிசி மூட்டையில ஆரணின்னு கொட்ட எழுத்துல போட்டு விக்கறான். அரிசிக்கு இருக்கற மானம் பட்டுக்கு இல்லையா? காஞ்சிபுரம் பட்டுக்கு 2005லயே புவிசார் குறியீடு வந்துடுச்சி. அவங்க ஜரிகையில வெள்ளி நூத்துக்கு நாப்பது, தங்கம் அரைன்னு எழுதி வெச்சிருக்காங்க. அது அவங்க சொத்து. ஆரணிப் பட்டுக்கும் தனியா புவிசார் குறியீடு கீது. சொந்த நெலத்துக்கு பட்டாவ பொட்டிக்குள்ள பூட்டிட்டு, அடுத்தவன் நெலத்துல குத்தகைக்கு உழறியே.

நம்முது எடை கம்மி, வெலை கம்மி. அத ஏன் கொறையா சொல்ற? காஞ்சிப்பட்ட கட்டிக்கினு கல்யாணப் பொண்ணு மூணு மணி நேரம் உக்காந்துடுவா, அவளுக்கு எழுந்து போற வேல கெடையாது. பொண்ணோட அம்மா கதி? பந்தி பாக்கணும், சம்பந்தி மொகத்த பாக்கணும், காணாம போன தாம்பாளத்த தேடி ஓடணும். அவளுக்குத்தான் நம்ம பொடவை. இத எழுது: "கல்யாணப் பொண்ணோட அம்மாவுக்கு, ஓடி ஆடறதுக்கு, ஆரணிப் பட்டு." கல்யாணத்துக்கு பொண்ணு ஒருத்திதான், அம்மா, அத்த, சித்தி, பெரியம்மான்னு எண்ணிப் பாரு. யாவாரம் எந்தப் பக்கம் கீதுன்னு தெரியும். ஜரிகை சுத்த ஜரிகை இல்லன்னா இல்லன்னே எழுது. ஒரு வரி உண்மை எழுதுனா, மத்த ஒம்பது வரியையும் நம்புவா.

பட்டுதானான்னு சந்தேகமா கேட்டா, 2004லேர்ந்து சில்க் மார்க் சீட்டு கீது, வாங்கி மாட்டு. கைத்தறிதானான்னு கேட்டா அதுக்கும் 2006லேர்ந்து முத்திரை கீது. சீட்ட நம்பாதவளுக்கு பொடவை ஓரத்துலேர்ந்து ஒரு இழைய உருவி கொளுத்தி வீடியோ போடு. பட்டுன்னா முடி கருகற நாத்தம் வரும், சாம்பலு வெரல்ல பொடியும். பாலியெஸ்டர்னா உருகி மொளகு மாதிரி கெட்டியாயிடும். சில வகை பொடவைங்கள கைத்தறிக்குன்னே ஒதுக்கி 1985லயே சட்டம் போட்டுட்டான். பவர்லூம்காரன் அத படிச்சு ரொம்ப பயந்துட்டான்னு சொல்ல மாட்டேன். அதனால நம்ம சாட்சிய நாமதான் கையில வெச்சிருக்கணும்.

அந்த சாட்சிய தானே நீ காலையில போனுல அழிச்சிக்கினு இருந்த! பாத்தேன். கரை ஓரத்துல இருந்த பொடி ஊசி ஓட்டைய, ஊடை ஒரு இடத்துல கொஞ்சம் தடிச்சிருந்தத, வெரலால தேச்சு தேச்சு காணாம பண்ண. ஏம்மா, அதுதான் கைத்தறின்றதுக்கு அடையாளம். அந்த ஓட்டை, துணி சுருங்காம அகலத்துக்கு இழுத்துப் புடிக்கற குச்சியோட ஊசித் தடம். மிஷினு தப்பு பண்ணா நூறு பொடவையிலயும் அதே எடத்துல பண்ணும். மனுசன் கை நாளைக்கு ஒரு தினுசு. கொழந்த கன்னத்துல திருஷ்டிப் பொட்டு வெக்கறோம், அத யாராவது அழுக்குன்னு தொடப்பாங்களா? அந்த தடிச்ச இழைய கிட்டக்க போயி படம் எடுத்துப் போடு. கலரையும் ஏத்தாத. வெயில்ல ஒரு படம், ட்யூப்லைட்ல ஒரு படம். போனுல அரக்கு, ஊட்டுக்கு போனா தக்காளின்னா பொடவை திரும்பி வந்துரும்.

திரும்பி வரது இருக்குதே, அது தனி புராணம். பொடவை போவும், நாலு நாள் கழிச்சு "கலர் புடிக்கல"ன்னு வரும். வரும்போது மல்லிப்பூ வாசனையோட, முந்தியில கல்யாண சாம்பாரோட வரும். பாவம், நம்ம பொடவைக்கும் ஒரு கல்யாண விருந்து கெடச்சுதேன்னு சந்தோசப்படலாம். அதுக்குதான் சொல்றேன், சீட்டு அறுத்தா, ஃபால்ஸ் தெச்சா திரும்ப வாங்க மாட்டோம்னு விக்கறதுக்கு முன்னாடியே எழுது. பார்சல் பிரிக்கறத வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லு. நம்ம மேல தப்புன்னா மட்டும் மறு பேச்சு பேசாம பணத்த குடு. சண்ட போட்டு கெலிச்ச பொடவைய எந்த சாமிக்கு சாத்துவ?

அப்பறம் அந்தப் பொண்ணு, லட்சம் பேரு பாக்கறாங்கன்னு சொன்னியே. ஒரு பொடவைய சும்மா குடுத்தா கட்டிக்கினு ஒரு நிமிசம் சுத்திக் காட்டுவாளாம். அதுக்குப் பேரு கொலாப்பு. நாதஸ்வரக்காரர கூப்புட்டு, "கூலி கெடையாது, எங்க கல்யாணத்துக்கு ஆயிரம் பேரு வராங்க, உங்களுக்கு விளம்பரம்"னு சொன்னா, அவரு நாதஸ்வரத்தாலயே ஒண்ணு போடுவாரு. நீ மட்டும் "ஹார்ட்டு" போட்டு அனுப்பற. குடுக்கணும்னா குடு, ஆனா 13,650ன்னு நோட்டுல செலவுல எழுதிட்டு குடு. எழுதும்போதே கை கூசும், பாரு.

"இவ்வளவு வெலைக்கு யாரு தாத்தா வாங்குவா?"ன்னு பெருமூச்சு உடற. ரவிவர்மா படம் பாத்திருக்கியே, உங்க ஆயா பூஜை ரூம்புல சரஸ்வதி? அந்த மாதிரி சாமி படமெல்லாம் ஊடு ஊட்டுக்கு போகட்டும்னு அவரு 1894ல பம்பாயில அச்சகம் போட்டாரு. படம் ஊடு ஊட்டுக்கு போயிடுச்சி, அச்சகம் கடன்ல மூழ்கிடுச்சி. 1901ல ஜெர்மன்காரன் ஒர்த்தனுக்கு வித்துட்டாரு. ராஜாக்களுக்கே படம் வரைஞ்ச மனுசன், வரையத் தெரிஞ்ச அளவுக்கு யாவாரம் தெரியல. நூறு வருசம் கழிச்சு, அதே ரவிவர்மா படத்த பட்டுப் பொடவையில நெஞ்சு, 2008 ஜனவரியில சென்னை சில்க்ஸ் 39 லட்சத்து சொச்சத்துக்கு வித்தான். கின்னஸ் புக்குல போட்டாங்க. வரைஞ்சவருக்கு கடன், நெஞ்சத வித்தவனுக்கு கின்னஸ். கை ஒசந்ததா இருந்தா மட்டும் போதாது, கைக்கு ஒரு கணக்குப்புள்ள வேணும்னு இதுலேர்ந்தே தெரியல? நம்ம ஊட்டுக்கு கணக்குப்புள்ள நீதான்.

மேல பாரு, தறி மேல தொங்குதே ஓட்ட போட்ட அட்டை, ஜக்கார்டு. 1804 வாக்குல பிரான்சு தேசத்துல ஜக்கார்டுன்னு ஒர்த்தன் செஞ்சது. ஓட்ட இருந்தா இழை ஏறும், இல்லன்னா ஏறாது. அதப் பாத்துதான் பின்னால கணக்கு போடற மிஷினுக்கே அட்டையில ஓட்ட போட்டாங்களாம். உன் கையில இருக்கற போனுக்கு கொள்ளுப்பாட்டன் நம்ம தறி மேல தொங்கறான். பேத்தியும் பாட்டனும் ஒரே ஊட்ல இருந்துகினு கணக்கு தப்புனா நாடு சிரிக்கும்.

அவ்வளவுதான். 16,800ன்னு போடு, வெளிநாட்டுக்கு. உள்ளூருக்கு 15,700. எதிர்த்தெருப் பையனையும் கூப்புட்டு இதே கணக்க காட்டு. அவன் போட்டியாளன் இல்ல, உன்னோட சேந்து கெணத்துக்குள்ள எறங்கிக்கினு இருந்தவன். ரெண்டு பேரும் ஏறி வாங்க.

எங்க, எழுதுனத ஒரு தடவ படி, சரியான்னு பாக்கலாம். ம்... நூலு, ஜரிகை, சாயம். சரி. பாவு. சரி. அப்பா எட்டு நாள். சரி. ஆயா, அம்மா மூணு நாள். ஆயா காதுல வுழற மாதிரி சத்தமா படி, அம்பது வருசத்துல மொத தடவ. ம். பெட்டி, கூரியரு. அப்பால?

இன்னாது? "தாத்தா: பேச்சு, இனாம்"?

அடியேய், இனாம்னு ஒண்ணு உலகத்துல கெடையாதுன்னு இப்பதானே தொண்ட காய சொன்னேன்! அடி அத. எழுது: வெத்தல ஒரு கவுளி, பாக்கு, டீ ரெண்டு. அப்புறம் அந்தப் பூனைக்கு பாலு. அதுவும் காலையிலேர்ந்து உக்காந்துதான் கீது.